பெண்கள் ஃப்ரட்டர்னிட்டியில் புதுப் பொறுப்பாளர்களை அறிமுகப்படுத்துவது எப்படி?

நவம்பரில் தேர்தல் முடிந்திருக்கும், செமஸ்டர் தேர்வும் பக்கத்தில் வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து யாராவது ஒருத்தி வந்து, "புது ஆபீசர்ஸை அறிமுகப்படுத்தி ஒரு போஸ்ட் போட்டுடு, ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். கொஞ்சம் எழுத வரும், கேன்வாவில் படம் போட வரும் என்று பெயர் வாங்கிவிட்டால் போதும், இந்த வேலை உங்கள் தலையில்தான் விழும். அமெரிக்காவில் படித்த காலத்தில் ஒரு பெண்கள் ஃப்ரட்டர்னிட்டியில், அதாவது கல்லூரி மாணவிகளின் சகோதரிச் சங்கத்தில் இருந்தேன், அப்போது என் தலையில் இரண்டு முறை விழுந்தது. பட்டம் வாங்கிய பிறகு சாப்டருக்கு (ஒரு கல்லூரியில் இருக்கும் கிளைக்கு அந்தப் பெயர்) அட்வைசராக, அதாவது ஆலோசகராகப் போனேன், அப்போது மற்றவர்கள் எழுதியதைத் திருத்தும் வேலையாக மறுபடி வந்து விழுந்தது.

முதல் முறை நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். பதினோரு பேருக்கும் ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்பினேன்: என்ன மேஜர் (முதன்மைப் பாடம்), எந்த ஊர், பிடித்த பாட்டு என்ன, இந்தப் பொறுப்புக்கு ஏன் நின்றாய். கடைசிக் கேள்விக்குப் பதினோரு பேரும் கிட்டத்தட்ட ஒரே பதிலைத்தான் எழுதியிருந்தார்கள், இந்தச் சாப்டர் எனக்கு நிறையக் கொடுத்தது, நானும் திருப்பிக் கொடுக்க ஆசைப்படுகிறேன் என்று. அதையே அழகான எழுத்துருவில் போட்டு வெளியிட்டேன், லைக்கும் நன்றாகவே விழுந்தது. ஜனவரியில் ஒரு ஜூனியர் பெண், டியூஸை (உறுப்பினர் கட்டணத்தை) தவணையில் கட்ட முடியுமா என்பதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல், கேட்கவும் கூச்சப்பட்டு, மூன்று பேரைச் சுற்றிவிட்டு என்னிடம் வந்து நின்றாள். நிதிப் பொறுப்பாளரைப் பற்றி நான் எழுதியதை எடுத்துப் பார்த்தேன். அவளுக்கு நாய்க்குட்டி பிடிக்கும், மழை பிடிக்கும் என்று இருந்தது. டியூஸ் என்ற சொல்லே அதில் இல்லை!

அன்றைக்குப் புரிந்ததுதான் இந்தக் கட்டுரை முழுவதும். எந்தக் காரியத்துக்கு இவளிடம் போக வேண்டும் என்பது படிப்பவளுக்குத் தெரிய வேண்டும், மற்றதெல்லாம் மேலே தூவுகிற கொத்தமல்லி.

முதலில் ஒரு சின்ன விளக்கம், ஏனென்றால் நான் சேர்ந்ததும் என் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஃப்ரட்டர்னிட்டின்னா பசங்க சங்கம் இல்லையா?" என்பதுதான். லத்தீனில் சகோதரனைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பது உண்மைதான். ஆனால் 1867-இல் இல்லினாய் மாநிலத்தின் மன்மத் கல்லூரியில் பை பீட்டா ஃபை தொடங்கியபோதும் (அப்போது அதன் பெயர் ஐ.சி. சொரோசிஸ்), 1870-இல் இண்டியானாவின் கிரீன்காசிலில் காப்பா ஆல்ஃபா தீட்டா தொடங்கியபோதும், இப்படிப்பட்ட பெண்கள் அமைப்பைக் குறிக்கத் தனிச் சொல் எதுவும் புழக்கத்தில் இல்லை. அதனால் அவர்களும் தங்களை ஃப்ரட்டர்னிட்டி என்றே சொல்லிக்கொண்டார்கள். சொராரிட்டி என்ற சொல், 1874-இல் சிராகியூஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்த காமா ஃபை பீட்டாவுக்காக, ஃபிராங்க் ஸ்மாலி என்ற லத்தீன் பேராசிரியர் சொல்லிக் கொடுத்தது. பழைய அமைப்புகள் பல இன்றைக்கும் அதிகாரபூர்வப் பெயரில் ஃப்ரட்டர்னிட்டியை விடவில்லை. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: உங்கள் அமைப்பு தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறதோ அதையேதான் அறிமுகத்திலும் எழுத வேண்டும். பேச்சில் எல்லாரும் சொராரிட்டி என்றுதான் சொல்வோம், அது வேறு. படித்து முடித்துப் போன அலம்னாக்கள் படிக்கிற மடலில் மாற்றி எழுதிப் பாருங்கள், அரை மணி நேரத்தில் திருத்தம் வந்து சேரும்.

எழுத உட்காரும் முன்

தோற்றவர்களுக்குச் சொல்லியாகிவிட்டதா? முதலில் இதைக் கேளுங்கள். பல சாப்டர்களில் ஸ்லேட்டிங் முறைதான், அதாவது ஒரு நியமனக் குழு ஆர்வம் உள்ளவர்களை நேர்காணல் செய்து, ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு பெயரைப் பரிந்துரைத்து, அந்தப் பட்டியலை உறுப்பினர்கள் முன் வாக்கெடுப்புக்கு வைக்கும். தலைவர் பொறுப்புக்காக இரண்டு வாரம் தயார் செய்த ஒரு பெண், தன் பெயர் வரவில்லை என்பதை இன்ஸ்டாகிராமில் வேறு ஒருத்தியின் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது போன்ற கொடுமை வேறு இல்லை. என் கண் முன்னால் நடந்தது, அந்தப் பெண் அந்த செமஸ்டர் முழுக்கக் கூட்டத்துக்கே வரவில்லை. யார் சொல்ல வேண்டுமோ அவர் நேரில் சொல்லி முடித்த பிறகுதான் போஸ்ட். ஒரு நாள் தாமதமானால் யாரும் செத்துவிட மாட்டார்கள்.

அடுத்தது, தேர்ந்தெடுக்கப்பட்டதும் பொறுப்பேற்றதும் ஒன்றில்லை. பெரும்பாலும் பதவிக்காலம் காலண்டர் ஆண்டோடு ஓடும். நவம்பரில் தேர்தல், டிசம்பரிலோ ஜனவரியிலோ பொறுப்பேற்பு. நடுவில் இருக்கும் வாரங்களில் பழைய தலைவர்தான் தலைவர். "இவர்தான் நம் புதிய தலைவர்" என்று நீங்கள் எழுதிவிட்டால் மறுநாளே எல்லாரும் புதியவளிடம் அனுமதி கேட்க ஆரம்பிப்பார்கள், அவளும் தர்மசங்கடத்தில் தலையாட்டுவாள், பழையவளுக்கு முகம் சுருங்கும். அதனால் "தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார், இந்தத் தேதி முதல் பொறுப்பேற்கிறார்" என்று தேதியோடு எழுதுங்கள். மதிப்பெண் தகுதி போன்ற சரிபார்ப்பு ஏதாவது பாக்கி இருந்தால் அது முடிகிற வரை பொறுங்கள். எத்தனை மார்க் என்பதை எந்தக் காலத்திலும் எழுத வேண்டாம், அது அவள் சொந்த விஷயம்.

பொறுப்பேற்புச் சடங்கு பல அமைப்புகளில் உறுப்பினர்களுக்கு மட்டுமானது. அங்கே என்ன சொன்னார்கள், என்ன அணிந்தார்கள், மெழுகுவர்த்தி எங்கே இருந்தது என்பதெல்லாம் வெளியே வரக்கூடாது, படமும் எடுக்கக்கூடாது. வெளியே வந்து வாசலில் நின்று எடுத்துக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் இந்தச் சடங்குகளைக் கவனிக்கிற பொறுப்பாளரிடம் முன்னாலேயே கேட்டுவிடுங்கள், போட்டுவிட்டு அழிப்பதைவிட அது சுலபம். யாராவது ஒருத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பாள்.

யாரிடம் என்ன கேட்பது

கூகுள் ஃபார்ம் வேண்டாம். ஒவ்வொருவரோடும் பதினைந்து நிமிடம் உட்காருங்கள், நடந்துகொண்டே பேசினாலும் சரி. எல்லாரிடமும் கேட்க வேண்டியது மூன்றுதான்: உன்னிடம் எந்தெந்த விஷயத்துக்கு வரலாம், வரும் மூன்று மாதத்தில் நீ செய்யப்போகிற ஒரு காரியம் என்ன, உன்னைப் பற்றிச் சாப்டரில் பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல். மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் "ஒண்ணும் இல்லையே" என்பார்கள். விடாதீர்கள். அப்படி விடாமல் கேட்டதில்தான் எங்கள் செயலாளர் நூறு பேர் பெயரையும் முகத்தோடு மனப்பாடம் செய்துவைத்திருந்தது தெரிந்தது. வருகைப் பதிவு எடுக்கிறவளுக்கு இதைவிடப் பொருத்தமான அறிமுகம் கிடைக்குமா?

அப்புறம் ஒவ்வொரு பொறுப்புக்கும் தனிக் கேள்வி இருக்கிறது, அதில்தான் சரக்கு. நிதியைப் பார்ப்பவளிடம் டியூஸ் கட்டக் கடைசித் தேதி எது, தவணை கேட்க வேண்டுமென்றால் எந்தத் தேதிக்கு முன்னால் வர வேண்டும், கேட்டால் அந்தப் பேச்சு யார் யாருக்குத் தெரியும் என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், பணக் கஷ்டத்தைச் சொல்லத் தயங்குகிறவளுக்கு அந்த ஒரு வரிதான் கதவு. ரெக்ரூட்மென்ட், அதாவது புது உறுப்பினர் சேர்க்கை பார்ப்பவளிடம் பயிற்சி நாட்கள் எப்போது, வேலைக்குப் போகிற பெண்கள் விடுப்பு கேட்க எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தேதிகளை முன்கூட்டியே தெரிந்துகொண்டவர்கள் ஆகஸ்டில் சண்டை போடுவதில்லை. பான்ஹெலனிக் பிரதிநிதி என்றால் என்ன என்பது முதல் வருடப் பெண்கள் பலருக்குத் தெரியாது, எனக்கும் ஒரு வருடம் தெரியாது. வளாகத்தில் இருக்கும் மற்றப் பெண்கள் அமைப்புகளோடு உட்கார்ந்து பேசி, பொது விதிகளுக்கு நம் சாப்டர் சார்பில் வாக்களிப்பவள் அவள். அந்த அமைப்புகளின் தேசியக் கூட்டமைப்பே 1902-இல் சிகாகோவில் ஏழு குழுக்கள் சேர்ந்து உட்கார்ந்ததில் உருவானதுதான், இப்படி ஒரு வரி சேர்த்தால் பொறுப்பின் கனம் புரியும்.

பாதுகாப்பைக் கவனிப்பவளுடைய அறிமுகத்துக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். ஒரு நிகழ்ச்சியில் ஏதாவது நடந்தால் இரவு எந்த நேரத்திலும் யாரைக் கூப்பிடலாம் என்பது அதில் இருக்க வேண்டும். அதோடு, அவளிடமே சொல்ல முடியாத விஷயமாக இருந்தால் வேறு யாரிடம் போவது என்பதும் இருக்க வேண்டும், அட்வைசரோ, தலைமை அலுவலகமோ, பல்கலைக்கழகமோ. ராகிங்கை அங்கே ஹேஸிங் என்பார்கள். 2024 டிசம்பரில் கையெழுத்தான ஸ்டாப் கேம்பஸ் ஹேஸிங் சட்டத்தின்படி, கல்லூரிகள் ஹேஸிங் புகார்களைக் கணக்கெடுத்து ஆண்டு அறிக்கையில் காட்ட வேண்டும், எந்த மாணவர் அமைப்பு விதி மீறியது என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். காகிதத்தில் சட்டம் இருந்து என்ன பயன், புதிதாகச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் புகாரை எங்கே கொடுப்பது என்று தெரியாவிட்டால்? சிரித்த முகத்துப் படத்துக்குக் கீழே இதையெல்லாம் எழுதினால் சூழல் கெட்டுவிடும் என்று ஒரு வருடம் வாதம் நடந்தது. கெடவில்லை.

எழுதுவது

எழுதுவது ஆங்கிலத்தில்தான் இருக்கும், இங்கே தமிழில் காட்டுகிறேன். வழக்கமாக வருவது இப்படி:

"இவர் நம் புதிய நிதித் துணைத்தலைவர்! இவர் ஆர்வமும் அர்ப்பணிப்பும் நிறைந்தவர். தன் சகோதரிகளுக்காக எதையும் செய்யத் தயாராக இருப்பவர். இவர் தலைமையில் நம் சாப்டர் புதிய உயரங்களைத் தொடும்!"

பெயரை மாற்றினால் பதினோரு பேருக்கும் பொருந்தும், பக்கத்துச் சாப்டருக்கும் பொருந்தும். எந்தப் புத்தாண்டு வாழ்த்து அட்டையிலும் ஒட்டலாம். இப்போது இதைப் பாருங்கள்:

"டிசம்பர் கூட்டத்தில் பொறுப்பேற்கிறார் நம் நிதித் துணைத்தலைவர். டியூஸ், தவணை, நிகழ்ச்சிக்குச் செலவழித்த பணத்தைத் திரும்ப வாங்குவது, மூன்றுக்கும் இவரிடம் வரலாம். தவணை வேண்டுபவர்கள் ஜனவரி முதல் வாரத்துக்குள் சொன்னால் போதும். நீங்கள் சொல்வது இவரையும் நிதி அட்வைசரையும் தாண்டிப் போகாது. ரசீது தொலைந்துவிட்டது என்று சொல்பவர்களை இவர் நம்புவார், ஒரே ஒரு முறை. தன் வீட்டுக் கணக்கையே பதினாலு வயதிலிருந்து எழுதி வருகிறவர்."

இதில் புகழ்ச்சி ஒரு சொல் கூட இல்லை, ஆனால் ஆள் தெரிகிறாள். அளவு இவ்வளவு போதும், இதற்கு மேல் போனால் போனில் "மேலும் படிக்க" என்று மறைந்துவிடும், யாரும் அழுத்த மாட்டார்கள். தலைவருக்கு மட்டும் மூன்று பத்தி, வருகைப் பதிவு எடுப்பவளுக்கு ஒரு வரி என்று எழுதாதீர்கள். தலைவர் முகம் எல்லாருக்கும் தெரியும், உண்மையில் விளக்கம் தேவைப்படுவது கீழே இருக்கிற, யாருக்கும் என்ன வேலை என்றே தெரியாத பொறுப்புகளுக்குத்தான்.

வாக்கெடுப்பில் எத்தனை வித்தியாசம், போட்டியின்றி வந்தாரா, நியமனக் குழுவின் பட்டியலில் இல்லாமல் கூட்டத்திலேயே பெயர் முன்மொழியப்பட்டு வந்தாரா, இதெல்லாம் அறிமுகத்தில் வேண்டாம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களையும் நியமிக்கப்பட்டவர்களையும் மட்டும் கலக்காதீர்கள், இரண்டு வேறு தொகுப்பாகப் போடுங்கள்.

பெயர், படம்

நம் ஆட்கள் எல்லாருக்கும் இந்தப் பகுதி நேரடியாகப் புரியும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறிவிடும், பல்கலைக்கழகப் பட்டியலிலும் அதுவே வரும், அந்தப் பட்டியலிலிருந்து எடுத்து ஸ்லைடில் போட்டுவிடுவார்கள். என்னை முதன்முதலில் அறிமுகப்படுத்தியபோது நூறு பேர் முன்னால் என் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து போய்க் கை ஆட்டினேன், வேறு என்ன செய்வது. அதனால் பட்டியலிலிருந்து பெயர் எடுக்காதீர்கள், அவளிடமே கேளுங்கள்: எப்படி எழுத வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும். சொல்வதை ஒரு ஐந்து விநாடி போனில் பதிவு செய்து, மேடையில் படிக்கப் போகிறவளுக்கு அனுப்பிவிடுங்கள். ழகரம் யாருக்கும் ஒரே நாளில் வராது, ஆனால் முயற்சி செய்தது தெரியும்.

படத்தில் ஒரே பின்னணி, ஒரே அளவு, ஒரே வெளிச்சம். ஒருத்திக்கு ஸ்டூடியோ படமும் இன்னொருத்திக்குக் கண்ணாடி முன் எடுத்த செல்ஃபியும் வந்தால் யாருக்கு மதிப்பு என்று படமே சொல்லிவிடும். அமைப்பின் பேட்ஜ் அணிந்து எடுப்பதாக இருந்தால் அதற்கென்று உடை விதி இருக்கும், டீ ஷர்ட்டில் குத்திக்கொண்டு நிற்கக்கூடாது. கையில் கோப்பை எதுவும் வேண்டாம். அங்கே சிவப்பு பிளாஸ்டிக் கோப்பை என்றாலே மது என்று நினைப்பார்கள், அதில் ஆரஞ்சு ஜூஸ்தான் இருந்தது என்று தலைமை அலுவலகத்துக்கு விளக்கக் கடிதம் எழுதிய அனுபவம் எனக்கு உண்டு, உண்மையிலேயே ஜூஸ்தான்.

சொந்தப் போன் எண், அறை எண், வகுப்பு நேரம் எதையும் பொதுப் பக்கத்தில் போடாதீர்கள். பொறுப்பின் பெயரில் ஒரு மின்னஞ்சல் இருந்தால் நல்லது, அடுத்த வருடம் ஆள் மாறினாலும் முகவரி மாறாது, பழைய கடிதங்களும் கைக்கு வரும். எண்களெல்லாம் உறுப்பினர்களின் மூடிய குழுவில் மட்டும். ஆக, ஒரே அறிமுகத்துக்கு இரண்டு வடிவம் வேண்டும். முழுமையானது உள்ளே, தவணை விவரமும் எண்ணும் எடுத்துவிட்டது வெளியே.

கூட்டத்தில்

எழுதிப் போட்டால் மட்டும் போதாது, சாப்டர் கூட்டத்தில் எல்லாரும் எழுந்து நின்று முகம் காட்ட வேண்டும். அதற்கு நான் பார்த்ததில் சிறந்த வழி, போகிறவள் வருகிறவளை அறிமுகப்படுத்துவது. ஆளுக்கு முக்கால் நிமிடம். "இந்த வேலையில் என்னை ரொம்பப் படுத்தியது எது, இவள் அதை எப்படிச் சமாளிப்பாள் என்று நினைக்கிறேன்" என்று பேசச் சொல்லுங்கள். அதில் வருகிற நேர்மை எந்தப் போஸ்டிலும் வராது. பழைய ரெக்ரூட்மென்ட் பொறுப்பாளர் ஒருத்தி, "நான் மூணு தடவை பாத்ரூமில் போய் அழுதேன், இவ அழுதா யாராவது போய்க் கதவைத் தட்டுங்க" என்றாள். அந்த வருடம் நிஜமாகவே போய்த் தட்டினார்கள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையென்றால் வற்புறுத்தாதீர்கள், அட்வைசர் பேசட்டும்.

தேசிய அளவில் கவுன்சில் (அமைப்பு முழுவதையும் நடத்தும் குழு) தேர்ந்தெடுக்கப்படும்போது கதை வேறு. அது மாநாட்டில், சாப்டர்களின் பிரதிநிதிகள் வாக்களித்து நடப்பது, பல அமைப்புகளில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. அவர்கள் முகம் உங்கள் சாப்டரில் யாருக்கும் தெரியாது. அங்கே ஒருவர் எந்தச் சாப்டர், எந்தப் பல்கலைக்கழகம், இதற்கு முன் என்னென்ன பொறுப்பில் இருந்தார் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு ஒரு வரி, அவர்கள் முடிவு செய்கிற எந்த விஷயம் நம் சாப்டரைத் தொடும் என்று, கட்டணமா, உறுப்பினர்கள் தங்கும் வீட்டின் விதியா, புது உறுப்பினர் பயிற்சியா. அந்த வரி இல்லாவிட்டால் தலைமை அலுவலகம் அனுப்பிய செய்தியை அப்படியே ஃபார்வர்ட் செய்ததோடு சரி.

பெற்றோருக்கு மடல் போவதென்றால் பொறுப்பின் பெயரை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். "வைஸ் பிரசிடென்ட் ஆஃப் மெம்பர் எக்ஸ்பீரியன்ஸ்" என்று என் தோழியின் வீட்டுக்குப் போனது, அவள் அப்பா அதை ஏதோ வேலைவாய்ப்பு என்று நினைத்துச் சம்பளம் கேட்டார்.

இதெல்லாம் முடிந்து, பிப்ரவரியில் ஒரு நாள் அந்த அறிமுகத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். இடையில் ஒருத்தி வெளிநாட்டுப் படிப்புக்குப் போயிருப்பாள், ஒருத்தி விலகியிருப்பாள், நிதிப் பொறுப்பாளர் சொன்ன தேதி தள்ளிப் போயிருக்கும். பழைய பெயருக்கு வந்த கடிதம் இரண்டு வாரமாகப் பதில் இல்லாமல் கிடக்கும். புதிதாக வந்தவளுக்கும் அதே பதினைந்து நிமிடம், அதே மூன்று கேள்வி, அதே பின்னணியில் ஒரு படம். நடுவில் வந்தவள்தானே என்று விட்டுவிடாதீர்கள், அவளிடம் யாரும் எதுவும் கேட்டு வராமல் ஒரு மாதம் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.